எழுத்துத் தெரியாத நாட்டில் 12 நாட்கள்

ஜப்பானில் இறங்கிய மறுநாள் காலையில் நான் முதலில் உண்டது ஒரு சோற்று உருண்டை. ஒனிகிரி என்று அதற்குப் பெயர். சோற்றை முக்கோணமாகப் பிடித்து, நோரி என்னும் கடற்பாசித் தாளைச் சுற்றி, கொன்பினி என்று அங்கே அழைக்கப்படும் நாள் முழுவதும் திறந்திருக்கும் சிறு கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உறையின் மீது அச்சிட்டிருந்த எழுத்துகளில் ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் 1, 2, 3 என்ற எண்கள் மட்டும் கண்ணில் பட்டன. 1 என்று போட்டிருந்த நுனியைப் பிடித்து இழுத்ததும் உறை நடுவில் பிளந்து, பின்பக்கம் வரை ஒரே கோடாகக் கிழிந்து வந்தது. 2 என்ற மூலையை ஒரு பக்கமும் 3 என்ற மூலையை மறுபக்கமும் இழுத்தபோது, சோற்றுக்கும் பாசித் தாளுக்கும் இடையே மறைந்திருந்த மெல்லிய படலம் நழுவி வெளியே வந்துவிட, அதுவரை ஈரம் படாமல் மொறுமொறுவென்று இருந்த தாள் தானாகவே சோற்றின் மீது படிந்துகொண்டது. கையில் ஒரு பருக்கை ஒட்டவில்லை. கடைக்கு வெளியே நின்று அதைத் தின்று முடித்தபோது, இந்த உறையை வடிவமைத்தவர் என்னைப் போன்ற ஒருவரையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அடுத்து வந்த 12 நாட்களும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்திக்கொண்டே போயின. ஜப்பானுக்கு முதன்முறை சென்று திரும்புபவர்கள் ஏன் இத்தனை மயங்கிப் பேசுகிறார்கள் என்று கேட்டால், பலரும் செர்ரிப் பூவையும் ஃபூஜி மலையையும் அதிவேக ரயிலையும் சொல்வார்கள். அவையெல்லாம் அழகுதான். ஆயினும் என் அனுபவத்தில் அந்த மயக்கத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. நன்றாகப் படித்து, வேலை பார்த்து, வீட்டுக் கணக்கை நிர்வகித்து வாழும் ஒருவர் அந்த நாட்டில் காலடி வைத்த கணமே எழுத்தறியாதவர் ஆகிவிடுகிறார். ஹிராகானா, கத்தகானா என்று தலைக்கு 46 அடிப்படை எழுத்துகள் கொண்ட இரண்டு வரிசைகள், அவற்றோடு அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வரையறுத்திருக்கும் 2,136 சித்திர எழுத்துகள்: இவற்றைப் பயணத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில் கற்றுவிட முடியாது. அப்படி எழுத்தறியாதவராக நிற்கும்போது ஒரு நாடு நம்மை எப்படி நடத்துகிறது என்பதை முதன்முறை செல்பவர்தான் முழுமையாக உணர்கிறார். அச்சமின்றி நடமாட முடிகிறது என்ற அந்த உணர்வே அவரைக் கட்டிப்போடுகிறது.

இது தற்செயலாக அமைந்ததன்று. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தபோது, ஜப்பானிய எழுத்தறியாத விருந்தினர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கவிருந்தார்கள். அவர்களுக்கு எந்த மொழியில் எழுதி வழிகாட்டுவது? கலை விமர்சகர் கட்சுமி மசாருவின் வழிகாட்டலில் இளம் வடிவமைப்பாளர்கள் கூடி, ஒவ்வொரு விளையாட்டுக்கும், கழிப்பறை, தொலைபேசி, உணவகம் போன்ற ஒவ்வொரு வசதிக்கும் ஒரு சிறு படக்குறியை வரைந்தார்கள். இன்று உலகின் விமான நிலையங்களில் நாம் யோசிக்காமலே படித்துவிட்டுப் போகும் படக்குறிகளின் வரலாற்றில் அந்த வேலைக்குப் பெரிய இடம் உண்டு. அதே மனப்பாங்கின் தொடர்ச்சியை 2004ஆம் ஆண்டு டோக்கியோ சுரங்க ரயில்களில் அறிமுகமான நிலைய எண்களிலும் காணலாம். கின்சா தடம் என்றால் ஜி என்னும் ரோமன் எழுத்தும் செம்மஞ்சள் வளையமும். அசகுசா நிலையம் ஜி 19, உவேனோ ஜி 16, கின்சா ஜி 9. பெயரை உச்சரிக்கத் தெரியாவிட்டாலும் 9இலிருந்து 19க்குப் போக வேண்டும், எண்கள் ஏறிக்கொண்டே போனால் சரியான திசையில்தான் போகிறோம் என்பது குழந்தைக்கும் புரியும். முதல் நாள் மாலைக்குள் நானும் என் தங்கையும் நிலையங்களின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டு, எண்களிலேயே பேசிக்கொள்ளத் தொடங்கியிருந்தோம்.

நிலையங்களின் தரையில் ஓடும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் வழியறியும்படி மியாகே செயிச்சி என்பவர் உருவாக்கிய அவை, 1967இல் ஒகயாமா நகரில் ஒரு சாலையோரத்தில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. கண்ணிருந்தும் படிக்க முடியாத நிலையில் இருந்த எனக்கு அந்த மஞ்சள் கோடு பல முறை படிக்கட்டைக் காட்டிக்கொடுத்தது.

எல்லா இடத்திலும் இந்த ஏற்பாடு வெற்றி பெறுகிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் வந்து போகும், 200க்கு மேல் வாயில்கள் உள்ள ஷின்ஜுகு நிலையத்தில் நாங்கள் அரைமணி நேரத்துக்கு மேல் சுற்றினோம். எந்த வாயில் என்று முன்பே தெரிந்துகொள்ளாமல் அங்கே இறங்கக் கூடாது என்பதை முதன்முறை செல்லும் எவருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்.

தொலைந்த பொருளைப் பற்றிய கதைகளை நானும் போவதற்கு முன் கேட்டிருந்தேன். சற்று மிகைப்படுத்துகிறார்கள் என்றே எண்ணியிருந்தேன். மூன்றாம் நாள் யமனோத்தே வட்டத் தடத்தில் பயணம் செய்தபோது, இருக்கையில் என் குறிப்பேட்டை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். விலை மதிப்பில்லாத பொருள்தான். ஆனால் பயணத்தில் எழுதியது முழுவதும் அதில் இருந்தது. அந்தத் தடம் 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு வண்டியிலும் 11 பெட்டிகள். நிலைய அலுவலரிடம் போய், அலைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் முகத்தில் வியப்போ சலிப்போ இல்லை. எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எந்தப் பெட்டி, எந்தக் கதவு, எந்தப் பக்க இருக்கை என்று வரிசையாகக் கேட்டார். நடைமேடையில் ஒவ்வொரு கதவு நிற்கும் இடத்திலும் எண் எழுதியிருப்பதால் பெட்டியையும் கதவையும் என்னால் சொல்ல முடிந்தது. தொலைபேசியில் இரண்டு இடங்களுக்குப் பேசினார். ஒன்றரை மணி நேரத்தில் உவேனோ நிலையத்தின் ஒரு சன்னலில் குறிப்பேடு என் கைக்கு வந்தது. அதை ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, கண்டெடுத்த நேரத்தையும் பெட்டி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவிழ்ந்து கிடந்த ரப்பர் வளையத்தை யாரோ குறுக்காக அல்லாமல் நேராக, நான் வழக்கமாகப் போடும் முறையிலேயே போட்டிருந்தார்கள்.

இதை மக்களின் நற்குணம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது போதாது. அங்கே கண்டெடுத்த பொருளுக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. எடுத்தவர் ஒப்படைக்க வேண்டும். உரியவர் திரும்பப் பெற்றால் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை வெகுமதியாகக் கேட்க எடுத்தவருக்கு உரிமை உண்டு. மூன்று மாதத்துக்குள் எவரும் வராவிட்டால் பெரும்பாலான பொருட்கள் எடுத்தவருக்கே சேரும். ஒப்படைக்கும் இடமும் அருகிலேயே இருக்கிறது. கொபான் என்னும் சிறு காவல் சாவடிகள் ஊர் முழுவதும் விரவிக் கிடக்கின்றன. வழி கேட்பவர்களுக்குப் பெரிய வரைபடத்தை விரித்துக் காட்டுவதும், தொலைந்த குடைகளைப் பதிவு செய்வதும் அங்கிருக்கும் காவலர்களின் அன்றாட வேலையில் சேர்ந்தவை. நல்ல குணம் தழைக்க நல்ல ஏற்பாடும் வேண்டும் என்பதை அந்த சன்னலில் நின்றபோது கண்ணால் கண்டேன்.

எழுத்து பிடிபடவில்லையே தவிர, பேச்சு தமிழருக்கு அவ்வளவு அந்நியமாக இல்லை என்பது எனக்குக் கிடைத்த எதிர்பாராத இன்பம். 'மிசு ஓ குதசாய்' என்றால் 'நீரைத் தாருங்கள்'. மிசு என்பது நீர். ஓ என்பது நம்முடைய ஐ உருபு. குதசாய் என்பது தாருங்கள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'ஏகி வா தோகோ தெஸ் கா' என்றால் 'நிலையம் எங்கே இருக்கிறது' என்று பொருள். வாக்கியத்தின் இறுதியில் வந்து அதைக் கேள்வியாக்கும் 'கா', 'வந்தானா' என்பதில் வரும் நம் ஆகார வினாவைப் போலவே வேலை செய்கிறது. இதைவிட என்னைக் கவர்ந்தவை சுட்டுச் சொற்கள். கோரே என்றால் பேசுபவருக்கு அருகில் இருப்பது, சோரே என்றால் கேட்பவருக்கு அருகில் இருப்பது, ஆரே என்றால் இருவருக்கும் எட்டத்தில் இருப்பது, தோரே என்றால் எது. இது, உது, அது, எது என்று அப்படியே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். தமிழகத்துப் பேச்சில் மறைந்து யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்கும் 'உது'வுக்கு ஒரு தோழி டோக்கியோவில் இருப்பதைக் கண்டபோது மனம் நிறைந்தது. ஒனோ சுசுமு என்னும் ஜப்பானிய மொழியறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று வாதிட்டுப் பல ஆண்டுகள் உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, பத்துச் சொற்களைக் கற்றுக்கொண்ட தமிழர் அவற்றை வாக்கியமாகக் கோப்பதற்குத் தடுமாற வேண்டியதில்லை.

உணவுக்கு வருகிறேன். கடைகளின் கண்ணாடிச் சன்னலில், உள்ளே கிடைக்கும் ஒவ்வொரு உணவையும் மெழுகிலோ பிளாஸ்டிக்கிலோ அச்சு அசலாகச் செய்து விலையுடன் வைத்திருப்பார்கள். குழம்பில் மிதக்கும் வெங்காயத் தாள் வரை அதில் தெரியும். கடைக்காரரை வாசலுக்கு அழைத்து வந்து விரலால் சுட்டினால் போதும். ஆனால் என் தங்கை சைவம். அவளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு கைகொடுக்கவில்லை. ஏனென்றால் சிக்கல் கண்ணுக்குத் தெரியும் பொருளில் இருப்பதில்லை, தாஷி என்னும் அடிச்சாற்றில் இருக்கிறது. கத்சுவோபுஷி என்று உலர்த்திப் புகையூட்டிய மீனைச் சீவி எடுத்த சாறுதான் அங்கே பெரும்பாலான குழம்புக்கும் நூடுல்ஸுக்கும் அடித்தளம். காய்கறிகள் மட்டுமே மிதந்த ஒரு கிண்ணத்தைப் பாதி உண்ட பிறகு அதைத் தெரிந்துகொண்டு அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த இரவு எங்கள் பயணத்தில் கசப்பான ஒன்று. சைவர்கள் இதை முன்பே அறிந்து செல்ல வேண்டும்: மாமிசம், மீன் ஆகியவற்றோடு தாஷியும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருப்பது தேவை.

அதே தங்கை பயணத்திலேயே மிக மகிழ்ந்து உண்டதும் சைவ உணவுதான், கோயா மலையில். கூக்காய் என்னும் துறவி 816ஆம் ஆண்டு அரசரிடம் பெற்ற அந்த மலையில் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட புத்தக் கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 50 கோயில்களில் பயணிகள் தங்கலாம். மாலையில் அறைக்கே வந்த சிவப்பு அரக்குத் தட்டுகளில் ஷோஜின் ரியோரி என்னும் துறவியர் உணவு இருந்தது: எள்ளை அரைத்துக் கிளறிய வழுவழுப்பான எள் கட்டி, உறையவைத்து உலர்த்திய சோயாக் கட்டியின் குழம்பு, மலைக் கீரை, ஊறுகாய், வெண்சோறு. சாற்றுக்குக் கொம்பு என்னும் கடற்பாசி. மீனில்லாமல் அந்தச் சுவை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான், இக்கேதா கிக்குனாயே என்ற வேதியியலாளரை 1908இல் கொம்புச் சாற்றை ஆராயச் செய்து உமாமி என்னும் சுவைக்குப் பெயர் சூட்டவைத்தது. விடியலில் ஆறு மணிக்கு வழிபாட்டுக்கு அழைத்தார்கள். மந்திரத்தில் ஒரு சொல்கூடப் புரியாத எங்களையும் அருகில் அமர்த்தி, நறுமணப் பொடியை எப்படி மூன்று விரலால் எடுத்துத் தணலில் இட வேண்டும் என்று ஒரு முதிய துறவி செய்து காட்டினார்.

குளியலைப் பற்றிப் பலருக்குக் கூச்சம் இருக்கும், எங்களுக்கும் இருந்தது. ஏழு பொதுக் குளியலகங்களுக்குப் பெயர்பெற்ற கினோசாக்கி என்னும் வெந்நீர் ஊற்று ஊரில் ஓரிரவு தங்கினோம். விடுதியில் தந்த யுகாதா என்னும் பருத்தி அங்கியை அணிந்து, மரக்காலணி கல்தரையில் டக்டக்கென்று ஒலிக்க, ஊரே ஒரு குளியலிலிருந்து இன்னொரு குளியலுக்கு நடந்துகொண்டிருந்தது. விதிகள் எளியவை: ஆடையின்றிச் செல்ல வேண்டும், தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து உடலை முழுவதும் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும், சிறு துண்டை நீரில் நனைக்கக் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். வாசலில் தொங்கும் திரையில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். பல விடுதிகளில் மாலையில் ஆண்களுக்கான அறை காலையில் பெண்களுக்கு மாறிவிடும் என்பதால், நேற்று சென்ற கதவை நம்பி இன்று செல்லக் கூடாது. கால்களை மடித்து அமர்ந்தவரின் வடிவம் போன்ற எழுத்து பெண்களுக்கு. நெல்வயலின் கட்டங்களைத் தலையில் சுமப்பது போன்றது ஆண்களுக்கு. அந்த இரண்டு எழுத்துகளைத்தான் நான் ஜப்பானில் முதலில் படித்தேன்.

அதிவேக ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். ஒலிம்பிக்குக்கு ஒன்பது நாள் முன்பு, 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கிய ஷிங்கன்சென்னில், டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு இரண்டேகால் மணி நேரம். கட்டணம் ஏறக்குறைய 14,000 யென். கியோட்டோ செல்லும் திசையில் வலப்பக்கச் சன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில், வானம் தெளிவாக இருந்தால், 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி சில நிமிடங்கள் உடன் வரும். பெட்டிகளை முதல் நாளே விடுதியில் ஒப்படைத்துவிட்டால், 1976 முதல் நடைபெறும் தக்யூபின் சேவை அவற்றை மறுநாள் அடுத்த ஊர் விடுதியில் சேர்த்துவிடும், வெறுங்கையோடு ரயிலேறலாம். ஜேஆர் என்னும் ஜப்பான் ரயில் நிறுவனங்களின் பெரும்பாலான வண்டிகளில் செல்லும் ஏழு நாள் பயணச்சீட்டின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. மூன்று நான்கு ஊர்களுக்கு மட்டும் செல்பவர்கள் தனிச்சீட்டு வாங்குவதே சிக்கனம்.

யென்னின் மதிப்பு 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 161 என்ற அளவுக்கு வீழ்ந்தது. அந்த ஆண்டில் மட்டும் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தார்கள். இதன் பாரத்தைக் கியோட்டோவில் கண்ணால் காணலாம். நாங்கள் சென்ற நவம்பர் இறுதியில், இலைகள் சிவக்கும் பருவத்தில், பேருந்துகளில் உள்ளூர் முதியவர்களுக்கு ஏற இடமில்லை. அதற்கு நாமும் ஒரு காரணம் என்ற எண்ணம் என்னை உறுத்தியது. எனவே பேருந்தை விட்டு ரயிலிலும் கால்நடையாகவும் சென்றோம். புகழ்பெற்ற இடங்களுக்கு விடியும் முன்பே போய்விட்டோம்.

அப்படித்தான் ஃபுஷிமி இனாரி மலைக்கு இருட்டிலேயே போனோம். இரவும் பகலும் திறந்திருக்கும் கோயில், கட்டணம் கிடையாது. மலையுச்சி 233 மீட்டர். செந்நிற மரவாயில்கள் ஆயிரக்கணக்கில் தோளோடு தோள் ஒட்டி நின்று மலைப்பாதையை மூடியிருக்கின்றன. ஏறும்போது அவற்றில் எழுத்தே இல்லை. வெறும் செம்மை மட்டும். உச்சிக்குப் போய்த் திரும்பும்போது வெளிச்சம் வந்திருந்தது. ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் மேலிருந்து கீழாகக் கருப்பு எழுத்துகள் இருப்பதை அப்போதுதான் பார்த்தோம்: காணிக்கை அளித்தவரின் பெயரும், வாயிலை நிறுவிய நாளும். வணிகம் செழிக்க வேண்டிக்கொண்டவர்கள், வேண்டியது கிடைத்தவர்கள். படிக்க முடியாத அத்தனை பெயர்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் இறங்கி வந்தோம். அந்த நடைக்கு இணையாக இந்தப் பயணத்தில் வேறொன்றையும் நான் வைக்க மாட்டேன்.

ஒன்றைத் தவிர. நாராவின் தோடாய்ஜி கோயிலில், ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் வெண்கலப் புத்தரின் முன் நாங்கள் நின்றது கடைசி நாளுக்கு முந்தைய நாள். கி.பி. 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் விழா நடந்தபோது, தூரிகையை எடுத்துக் கண்மணியைத் தீட்டியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. 736இல் கடல் கடந்து வந்து இறங்கியவர்; ஊர் திரும்பாமல் 760இல் அங்கேயே மறைந்தார். அன்று அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நீலக் கயிறு ஒன்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதன் நீளம் முழுவதும் கைவைத்துப் பிடித்திருந்தார்கள். கண் திறக்கும் பேற்றில் எல்லோருக்கும் பங்கு சேர வேண்டும் என்பதற்காக. தூரிகையும் கயிறும் கோயிலின் பின்னுள்ள ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன.

வந்தபோது அவருக்கு இந்த ஊர் எழுத்து தெரிந்திருக்குமா என்று தங்கை கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. வாசலருகே, கோயிலுக்கு வருபவர்கள் நீட்டும் ஏட்டில் முத்திரையிட்டு எழுதித் தரும் முதியவரிடம் சென்று, 'போதிசேனா' என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, 'போதாய்சென்னா' என்று திருத்திச் சொல்லி, உவேனோவில் மீண்டு வந்த என் குறிப்பேட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் தூரிகையால் நான்கு எழுத்துகளை எழுதினார். மை உலரும் வரை மூடக் கூடாது என்று கையால் காட்டினார். மான்கள் படுத்திருந்த புல்வெளியில் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தபடி இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.